பதினோராம் நம்பர் கூண்டு

மழைக்காலம் வந்துவிட்டால் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆயா ரேடியோ பக்கத்தில் யாரையும் பேச விடமாட்டாள். காசிமேட்டில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. மாநிலச் செய்தி ஓடும். முதலமைச்சர், அமைச்சர், டெல்லி எல்லாம் அது பாட்டுக்கு வந்து போகும். அவள் பாட்டுக்கு வலை நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் வானிலை வரும்போதுதான் கையிலிருப்பதைக் கீழே வைப்பாள். "சென்னைத் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது." அவ்வளவுதான், எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

"மூணு ஏத்திக்கிறாம்மே!"

எதிர்வீட்டு அக்கா அதை அடுத்த வீட்டுக்குச் சொல்வாள். தெருக்கோடி டீக்கடைக்கு மூணு போய்ச் சேர ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ரேடியோவில் வந்த வாக்கியத்தை அப்படியே யாரும் திருப்பிச் சொன்னதில்லை. நம்பர் மட்டும் போதும்.

எனக்கு அப்போது எட்டு வயசு இருக்கும். இவ்வளவு பெரிய ரேடியோ எங்கள் ஆர்பர் பேரைச் சொல்கிறதே என்று பெருமையாக இருக்கும். புயல் வருகிறது என்ற பயமெல்லாம் பெரியவர்களுக்கு.

இந்தக் கூண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பதினொன்று. ஒன்றும் இரண்டும் தூரக் கடலில் ஏதோ உருவாகிறது என்று கப்பல்காரர்களுக்குச் சொல்வது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே ஆபத்து வரலாம் என்பது. ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகளைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள். ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும்? பதினோராம் நம்பர் ஏறினால், புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். புயல் எங்கே, எப்போது என்று சொல்ல ஆள் இல்லை, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

ஆயா பத்துக்குப் பயப்பட்டதை விடப் பதினொன்றுக்குத்தான் அதிகம் பயந்தாள். "பத்துன்னா வருதுன்னு தெரியும். பதினொண்ணுன்னா ஒண்ணியும் தெரியாது." இந்தப் பதிவு முழுக்க அவள் சொன்ன இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

போன மாதம் ஒரு நண்பர் கேட்டார். சென்னை வரலாற்றில் நல்ல ஈடுபாடு உள்ளவர். "ரேடியோவுக்கும் உங்க ஏரியாவுக்கும் என்னங்க சம்பந்தம்? ஸ்டேஷன் எல்லாம் இந்தப் பக்கம்தானே?" அவர் கேட்டதில் தப்பில்லை. வானொலி நிலையம் 1954-லிருந்து காமராஜர் சாலையில், மெரினாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. தனியார் எஃப்.எம். என்றாலும் நம் நினைவில் வருவது தென்சென்னைதான். ஆனால் சென்னை ரேடியோவின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தால் எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்று அதில் வந்தே தீரும்.

1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 அன்று எழும்பூரிலிருந்து ஒலிபரப்பு. அந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். வீட்டில் நாம் மாட்டிய பழைய குண்டு பல்பு 40 வாட், 60 வாட் என்று வருமே, அந்த 40. அதை வைத்துக்கொண்டு ஒரு நகரத்துக்குப் பாட்டும் பேச்சும் அனுப்பினார்கள். அப்புறம் 200 வாட் ஆக்கினார்கள். கையில் காசில்லாமல் 1927-ல் கிளப் மூடிக்கொண்டது. மூடும்போது கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாநகராட்சி அதைக் கிடங்கில் போட்டுப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி ரிப்பன் மாளிகையிலிருந்து தானே ஒலிபரப்பத் தொடங்கியது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சாயங்காலம் சங்கீதம், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடமும் கதையும். ரேடியோ பெட்டி வாங்குவது அன்றைக்குப் பணக்காரர் காரியம். அதனால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி வைத்தார்கள். அந்தப் பூங்காக்களில் ஒன்று ராயபுரத்து ராபின்சன் பார்க்.

இன்றைக்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். எல்லோரும் அதைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே அந்தப் புல்தரையில் ஊர் ஜனம் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் காது வைத்துப் பழகியிருந்தது. ஆயாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்து அந்தப் பார்க்குக்குப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். ரேடியோ வாங்க முடியாத மனுஷனுக்கு ஊரே வாங்கிக் கொடுத்த ரேடியோ அது.

1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல் சாலையில் திறந்தது. மாநகராட்சி ரேடியோ முடிவுக்கு வந்தது. பெரிய நிலையம், பெரிய டிரான்ஸ்மிட்டர், பெரிய கலைஞர்கள். நல்லதுதான். ஆனால் ரேடியோ கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போய்விட்டது. தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டி வைத்துக்கொள்கிற பொருளானது.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு ரேடியோ ஒரு மர்பி. அப்பா என்ஃபீல்டில் வேலை பார்த்தார். காலையில் எங்களுக்கு நேரம் சொன்னது இரண்டு சத்தம். ஒன்று கம்பெனிச் சங்கு. இன்னொன்று ஏழேகால் மணிக்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி. "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி." அப்பா ஷூ மாட்ட உட்காரும்போது அந்தக் குரல் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகும் ஷூ தேடிக்கொண்டிருந்தால் அன்றைக்குத் தாமதம் என்று பொருள். முப்பது வருஷத்துக்கு மேல் டெல்லியில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு வீடுகளின் காலையை நடத்தியவர் அந்த அம்மா. 2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் காலமானார் என்று படித்தபோது, அப்பாவின் பழைய ஷூ பாலிஷ் டப்பா வாசனை எனக்கு மூக்கில் ஏறியது. அவருக்கு முந்தின தலைமுறையில் பூர்ணம் விஸ்வநாதன். நாடு விடுதலை அடைந்த சேதியைத் தமிழில் டெல்லியிலிருந்து வாசித்தவர். பின்னாளில் அவரை சினிமாவில் பார்த்தவர்கள் பலருக்கு இது தெரியாது.

ராத்திரியானால் இலங்கை வானொலி. மத்திய அலை கடல் தண்ணீருக்கு மேலே நன்றாக ஓடும். கரையோரம் இருப்பவர்களுக்கு அதில் ஒரு லாபம். கே.எஸ். ராஜாவின் வேகமும், பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும் காசிமேட்டுத் திண்ணையில் எங்கள் பக்கத்து வீட்டு மனுஷர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. கொழும்பில் இருந்து பேசியவர்களை எங்கள் ஆயா "நம்ம புள்ள" என்பாள்.

தென்கச்சி கோ. சுவாமிநாதனைப் பற்றித் தனிப் பதிவே எழுத வேண்டும். 'இன்று ஒரு தகவல்'. சில நிமிஷம்தான். வேளாண்மை படித்துவிட்டு வானொலிக்கு வந்தவர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் பேசும்போது படித்த மனிதர் பேசுகிறார் என்று தெரியும், கூடவே இவர் எந்த மண்ணிலிருந்து வந்தவர் என்பதும் தெரியும். சிரிக்காமல் சொல்லி நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் யோசிக்க வைத்துவிடுவார். 2009 செப்டம்பரில் அவர் போனபோது எங்கள் தெரு டீக்கடையில் பெரியவர்கள் வீட்டுச் சாவு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவரைக் கேட்டபோதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் வந்ததுண்டு. அரியலூர்ப் பேச்சு ரேடியோவில் மரியாதையாக உட்கார்ந்தது. இலங்கைத் தமிழ் உட்கார்ந்தது. எங்கள் பேச்சு எப்போது வந்தாலும் வேஷம் போட்டுக்கொண்டுதான் வந்தது. நாடகத்தில் ஒருவன் "இன்னாபா" என்றால் அவன் ரவுடி, இல்லையென்றால் சிரிப்பு நடிகன். அதே பேச்சில்தான் ஆயா எங்களுக்குக் கடல் சொல்லிக் கொடுத்தாள். அதே பேச்சில்தான் யூனியன் கூட்டத்தில் அப்பா சம்பளம் பேசினார். புயல் நேரத்தில் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்ன ரேடியோவில், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் குரலில் நல்ல விஷயம் ஒன்றைப் பேசி நான் சின்ன வயசில் கேட்டதேயில்லை.

2003-ல் சூரியன் எஃப்.எம்.மும் ரேடியோ மிர்ச்சியும் சென்னைக்கு வந்தன. அந்த வருஷத்து உற்சாகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அது புரியும். அறிவிப்பாளர் என்ற விறைப்பு போய், ஆர்.ஜே. என்ற பக்கத்துச் சீட்டு ஆள் வந்தார். சுசித்ராவின் 'ஹலோ சென்னை' கேட்காத காலை இல்லை. பிறகு சினிமாவுக்குப் போன சிவா அதே மிர்ச்சியில் பேசியவர்தான். சில வருஷம் கழித்து பிக் எஃப்.எம்.மில் ஆர்.ஜே. பாலாஜி 'டேக் இட் ஈஸி' என்று வந்து, நினைத்ததைப் பளிச்சென்று சொல்ல ஆரம்பித்தார். 2015 வெள்ளத்தில் அவர் ஓடியாடி உதவி திரட்டியதை நகரமே பார்த்தது. இவர்கள் எல்லோருக்கும் நான் நன்றியுள்ளவன். பேச்சுத் தமிழை ஒலிவாங்கிக்கு முன்னால் தைரியமாக உட்கார வைத்தவர்கள்.

ஆனால் போக்குவரத்து நிலவரம் என்று வரும்போது ஜெமினி, கத்திப்பாரா, ஓ.எம்.ஆர். எங்கள் ரோடு வருவது அபூர்வம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி நின்று பார்த்திருக்கிறீர்களா? துறைமுகத்து ஜீரோ கேட்டுக்குள் போக கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். மணிக்கணக்கில். ஒருமுறை நள்ளிரவு தாண்டி அந்த வழியாக பைக்கில் வந்தபோது பஞ்சர். ஒரு டிரெய்லர் ஓரமாக நின்றேன். டிரைவர் வண்டிக்கடியில் பம்ப் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். மேலே கேபினில் போன் கண்ணாடியில் தொங்குகிறது, அதில் எஃப்.எம். பழைய இளையராஜா பாட்டு. மத்தியானம் லைனில் சேர்ந்தவராம். எனக்கும் ஒரு டம்ளர் ரசம் ஊற்றிக் கொடுத்தார். "தூங்கிட்டா முன்னாடி வண்டி நகர்றது தெரியாதுண்ணே. இது பாடுறதாலதான் முழிச்சிருக்கேன். ஆனா பாருங்க, ராத்திரி பூரா கேக்கறேன், இந்த ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை வரல."

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் தனியார் எஃப்.எம். தானாகச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்று 2011-ல் விட்டார்கள். வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு, குடிநீர், மின்தடை இதெல்லாம் சொல்லலாம். மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி வாசிக்க அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. காற்றலை என்பது பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பு எழுதிவிட்டது. பொதுச் சொத்தில் எங்கள் பங்கு எங்கே என்பதுதான் என் கேள்வி.

2017 ஜனவரி 28. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கறுப்புக் கூழ் மாதிரி கரையில் ஒதுங்கியதை எர்ணாவூர்ப் பக்கம் ஜனங்கள் வாளியில் அள்ளினார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அலையாத்திச் செடி, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்துக் கிடந்தன. அதிலிருந்து எழுவதற்குள் டிசம்பர் 26 ராத்திரி.

பெரியகுப்பத்தில் என் சித்தப்பா வீடு. பன்னிரண்டு மணிக்கு மேல் போன். "கண்ணு எரியுதுடா, மூச்சு முட்டுது, எல்லாரும் ஓடறாங்க, எந்தப் பக்கம் போறது?" கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்திருக்கிறது. அப்போது எங்கள் யாருக்கும் அது தெரியாது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் கேஸ் என்கிறார், இன்னொருவர் தீ என்கிறார், மூன்றாமவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்கிறார், நாலாமவர் ஓடுங்கள் என்கிறார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா குடும்பம் இருட்டில் திருவொற்றியூர்ப் பக்கமாக நடந்து வந்தது. சித்தி ஈரத் துண்டை முகத்தில் சுற்றியிருந்தாள். அது அவளாகச் செய்தது, யாரும் சொல்லவில்லை. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அதற்குக் குறுக்கே எந்தத் தெரு வழியாக வெளியேறலாம், முகத்தை எதால் மூடலாம், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. நாலு வாக்கியம். ஒரே குரலில், திரும்பத் திரும்ப, அந்த ஊர்ப் பேச்சில். அன்றைக்கு அது கிடைக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கள் கரையில் பதினோராம் நம்பர் கூண்டு ஏறியிருந்தது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று 'கடல் ஓசை' தொடங்கினார்கள், 90.4-ல். மீனவர்களுக்கென்றே இந்தியாவில் வந்த முதல் சமுதாய வானொலி. அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதிலிருந்து கடலைக் காப்பது எப்படி என்பது வரை கடலோரத்து ஜனமே பேசுகிறது. படகில் இருப்பவருக்கும் கேட்கிறது. சமுதாய வானொலி தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004-ல் நம் சென்னையில், கிண்டியில்தான் பிறந்தது. ஆனால் அந்த அலைகள் எட்டுகிற தூரம் சின்னது. எங்கள் வீட்டு ரேடியோவில் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்கிறேன். சினிமாப் பாட்டுக்குக் குறைவில்லை, காசிமேட்டுக் குரல் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

சமுதாய வானொலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் டிரான்ஸ்மிட்டர் 50 வாட். ஐந்து, பத்து கிலோமீட்டர் போகும். நடுவில் திருவொற்றியூரில் கம்பம் நட்டால் ஒரு பக்கம் காசிமேடு, இன்னொரு பக்கம் எண்ணூர். 1924-ல் சென்னை ரேடியோ பிறந்தது 40 வாட்டில் என்று சொன்னேனே, எங்களுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று என் மகளே கேட்கிறாள். மிக்ஜாமின்போது கரன்ட் போய், டவர் போய், அவள் போன் ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்ததை நினைவுபடுத்தினேன். இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ அப்போதும் பாடியது. தவிர, போனில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள். ஆபத்து நேரத்தில் எல்லோரும் நம்புகிற ஒரே குரல் வேண்டும். அந்தக் குரலைச் சாதாரண நாளிலேயே கேட்டுப் பழகியிருந்தால்தான் அவசரத்தில் நம்புவோம். ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலை போனது, லாரி லைன் எங்கே வரை நிற்கிறது, மணலிப் பக்கம் என்ன நாற்றம், ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856-ல் முதல் ரயில் கிளம்பிய கதை, ஒற்றியூர்த் தியாகராஜர் தேர் எந்தத் தெருவில் வருகிறது, சாவு வீட்டுக் கானாவுக்கு அப்பால் கானாவில் என்னென்ன இருக்கிறது. பேச விஷயமா இல்லை?

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் என் தாய்மாமனைப் போய்ப் பார்த்தேன். அறுபது வயசு தாண்டியும் ஃபைபர் போட்டில் போகிறவர். போனில் ரெக்கார்டரைப் போட்டு நீட்டி, "மாமா, ரேடியோவுல சொல்ற மாரி நாளைக்குக் கடல் எப்டினு ஒரு நிமிசம் சொல்லு" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். லுங்கியைச் சரிசெய்துகொண்டார். "வணக்கம். வானிலை. தென்கிழக்கு வங்கக்கடல் பகுதியில்..." என்று ஆயா வீட்டு ரேடியோ குரலிலேயே ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்தில் நின்றுவிட்டார். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு கடலைத் திரும்பிப் பார்த்தார், போனை மறந்தார்.

"இன்னிக்கு வண்ணி இழுக்குதுபா. தண்ணி கலங்கல். வாடை ஏறிச்சுன்னா காலைல முகத்துவாரத்தாண்ட போட்ட உள்ள வுடாத, மண்ணு மேடு போட்டிருக்கு. சின்னப் பசங்க போட்டு எடுத்தா கூட ஒரு பெரிய ஆள வெச்சினு போங்க. ஐஸ் கம்மியா ஏத்து, சீக்கிரம் திரும்பிடு."

நாற்பத்தெட்டு விநாடி. போனில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மர்பி ரேடியோ பக்கத்தில் வைத்து மூன்று தடவை கேட்டேன்.